பழவேற்காடு: கல்லில் உள்ள பெயர்களும் கல்லில் இல்லாத பெயர்களும்

ஒல்லாந்து என்றவுடன் காற்றாலைகளும், துலிப் மலர்த் தோட்டங்களும், கடலைத் தடுத்து நிறுத்தும் அணைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. புவியியல் பாடத்தில் நாம் படித்தவை அவை. ஆனால் அந்நாட்டினர் நம் தமிழகக் கடற்கரையிலேயே ஒரு துறைமுக நகரை அமைத்து, தலைமுறை தலைமுறையாக அங்கு வாணிகம் செய்து, அங்கேயே மாண்டு, அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வூரின் பெயர் பழவேற்காடு.

நம் பள்ளி வரலாற்று மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் கோடை விடுமுறையில் அவ்வூரைக் கண்டு வந்தோம். அங்குக் கண்டவற்றையும், திரும்பி வந்தபின் நூல்களில் படித்தறிந்தவற்றையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறோம்.

வழியும் அமைப்பும்

மத்தூரிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னையை நெருங்கி, பின்னர் வடக்கே திரும்பிப் பொன்னேரியைக் கடந்தால் இவ்வூரை அடையலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆந்திர மாநில எல்லையை ஒட்டி இது அமைந்திருக்கிறது.

ஊருக்கு ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல். பழவேற்காடு ஏரி, ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரியாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. விண்கலங்கள் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா, இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவே. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி ஆறும் ஏரிக்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உட்புகுகிறது. நன்னீரும் உப்புநீரும் கலப்பதால் இறாலும் நண்டும் மீனும் இங்குச் செழித்து வளர்கின்றன.

மழைக்காலம் முடிந்த மாதங்களில் பூநாரைகள் இங்கு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கோடையில் அவை இரா. நாங்கள் சென்றது கத்திரி வெயில் நாட்களில். ஆற்று நீர் வற்றி, ஏரி ஆழம் குறைந்து, தண்ணீரில் உப்பு ஏறியிருந்தது. இத்தகைய மாதங்களில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக் கொள்வதும் உண்டு. அப்போது படகுகள் கடலுக்குப் போக இயலாது. கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் உள்ளே வர இயலாது. கோடை சுற்றுலாப் பயணிக்கு வெப்பம் மட்டுமே. மீனவர் வீட்டுக்கோ அது அடுப்பு எரியுமா எரியாதா என்னும் கேள்வி.

படகில் ஏற எங்களுக்கு ஆசைதான். எனினும் உடன் வந்த அருட்சகோதரி அதற்கு இசையவில்லை. 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இவ்வேரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை எடுத்துச் சொன்னார். நாங்கள் கரையில் நின்றே கண்டோம்.

டச்சுக்காரருக்கு முன்

டச்சுக்காரர் வந்துதான் இவ்வூர் துறைமுகமாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. விஜயநகரப் பேரரசின் காலத்திலேயே இது புகழ்பெற்ற பட்டினம். அரபு நாடுகளோடும் கீழ்த்திசைத் தீவுகளோடும் வாணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கு வாழ்ந்தன, இன்றும் வாழ்கின்றன. இங்குள்ள பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் அறியப் பயன்பட்ட சூரியக் கடிகாரத்தைக் காணலாம். செம்பாறாங்கல்லால் எழுப்பப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோவிலும் இவ்வூரின் பழமைக்குச் சான்றாகும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்கள் காலத்தில், 1515ஆம் ஆண்டில், மகிமை மாதா ஆலயம் தொடங்கப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சென்னை மயிலை மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. இன்று நாம் காணும் பெரிய கோவில் பிற்காலத்தில் எழுந்தது. நண்பகல் வெயிலில் நாங்கள் சற்று நேரம் அமர்ந்து மன்றாடி இளைப்பாறியது அங்கேதான்.

கெல்டிரியா கோட்டை

ஒல்லாந்து நாட்டு வணிகர்கள் ஒன்றுகூடி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவியது 1602ஆம் ஆண்டில். மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றைத் தேடி அவர்கள் இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்றனர். அத்தீவினர் வெள்ளிக் காசைவிட வேறொன்றையே பெரிதும் விரும்பினர். அது சோழமண்டலக் கரையில் நெய்த துணி. துணி இருந்தால்தான் வாசனைப் பொருள் கிடைக்கும். ஆகவே துணி கிடைக்கும் கரையில் டச்சுக்காரருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையை மொலுக்கு எனப்படும் வாசனைத் தீவுகளின் இடக்கை என்று ஹென்ட்ரிக் பிரௌவர் என்னும் டச்சு அதிகாரி 1612ஆம் ஆண்டில் குறிப்பிட்டார்.

அக்காலத்தில் விஜயநகர அரசராக விளங்கியவர் இரண்டாம் வேங்கடபதி ராயர். அவரிடம் அனுமதி பெற்று 1610ஆம் ஆண்டு டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். இந்த அரசர் நம் பகுதிக்கும் அயலார் அல்லர். 1589ஆம் ஆண்டில் பெனுகொண்டாவைக் கோல்கொண்டாப் படையிடமிருந்து காத்த ஜெகதேவராயருக்குப் பாராமகால் நாட்டை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி வட்டாரத்தை, வழங்கியவர் இவரே. நம் அருகிலுள்ள ஜெகதேவி என்னும் ஊரின் பெயர் ஜெகதேவராயரை இன்றும் நினைவூட்டுகிறது. மலைநாட்டுக்குக் காவலரை அமர்த்திய அதே அரசர்தான் கடற்கரையில் டச்சுக்காரருக்கும் இடம் தந்தார்.

1612ஆம் ஆண்டில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அப்பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். எனவே வெம்மர் வான் பெர்க்கெம் என்னும் டச்சுத் தலைவர் 1613ஆம் ஆண்டில் வலிமையான கோட்டை ஒன்றைக் கட்டினார். அவர் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அது கெல்டிரியா கோட்டை எனப்பட்டது. சோழமண்டலக் கரை முழுவதிலுமுள்ள டச்சு வாணிகத்துக்கு அது தலைமையிடமாயிற்று. இங்கே நாணயம் அடித்தனர். வெடிமருந்தும் செய்து கப்பல்களில் அனுப்பினர்.

1619ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரும் சிறிது காலம் இங்கு ஒண்டுக் குடித்தனம் நடத்தினர். அது ஒத்துவராமல் வெளியேறிய அவர்கள், பல ஆண்டுகள் இடம் தேடி அலைந்து, 1639ஆம் ஆண்டில் சென்னைப்பட்டினத்தில் காலூன்றினர். அன்று பெரிய நகரம் பழவேற்காடு. சென்னையோ சிறு மீனவக் குப்பம். இன்று நிலைமை தலைகீழ்.

1690ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1781ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போகவே, மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்தனர். 1795ஆம் ஆண்டில் இவ்வூரையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1818ஆம் ஆண்டில் திருப்பித் தந்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825ஆம் ஆண்டில் நிலையாகப் பெற்றுக்கொண்டனர். கோட்டை இடிக்கப்பட்டது. இன்று அங்கே முட்புதர் மண்டிய மேட்டையும் அகழியின் அடையாளத்தையுமே கண்டோம்.

கட்டம் போட்ட துணி

கோட்டை அழிந்தாலும் இவ்வூரின் துணி தன் பெயரை உலகெங்கும் விட்டுச் சென்றிருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் நெசவாளர் நெய்த துணிகள் இங்குக் குவிந்து கப்பல் ஏறின. அவற்றுள் வண்ணக் கட்டம் போட்ட துணி பெரும்புகழ் பெற்றது. ஐரோப்பியர் இவ்வூரைப் புலிகாட் என்று அழைத்ததால், கட்டம் போட்ட கைக்குட்டைக்கும் ஆங்கிலத்தில் அப்பெயரே வழங்கியது. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைப் பெலேகாட் துணி என்கிறார்கள். நம் தந்தையரும் தாத்தாமாரும் வீட்டில் உடுத்தும் கைலிக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு எங்களுக்குப் புதிய செய்தியாயிருந்தது.

கல்லறைத் தோட்டம்

பழவேற்காட்டில் டச்சுக்காரரின் நினைவாக இன்று நன்கு எஞ்சியிருப்பது அவர்களின் கல்லறைத் தோட்டமே. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வளைந்த நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டு எங்களில் சிறியவர்கள் அஞ்சினார்கள். மனித வாழ்வு நிலையற்றது, உள்ளே வருபவனே நீயும் ஒருநாள் இவ்வாறே ஆவாய் என்பதை உணர்த்தவே அக்கால ஐரோப்பியர் இவ்வாறு செதுக்கினர் என்று ஆசிரியை விளக்கியபின் அச்சம் நீங்கியது. சாம்பல் புதனன்று நம் நெற்றியில் இடும் சாம்பல் சொல்வதும் இதைத்தானே!

உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரிய கற்பலகைகளில் எழுத்துகளை உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். குடும்பச் சின்னங்களையும் அழகிய கரை வேலைப்பாட்டையும் காணலாம். அதிகாரிகள், வணிகர்கள், அவர்களின் மனைவியர், சிறு குழந்தைகள் என்று பலரும் அங்கே உறங்குகிறார்கள். பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள் யாவும் கல்லில் இருக்கின்றன. கடல் கடந்து வந்து இந்த வெப்பத்திலும் நோயிலும் மாண்ட அவர்களுக்காக எங்கள் மனம் இரங்கியது. தாயும் தந்தையும் பெயர் பொறித்து வைத்த குழந்தையின் கல்லைப் பார்த்து யார் மனம்தான் இரங்காது?

இவ்வூரில் வாழ்ந்த டச்சுக்காரர் எல்லாரும் வணிகர் அல்லர். ஆபிரகாம் ரோகேரியுஸ் என்னும் சமயப் போதகர் 1632 முதல் 1642 வரை இங்குப் பணியாற்றினார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் பல ஆண்டுகள் கேட்டறிந்து, இந்து சமய வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பர்த்ருஹரியின் நீதிமொழிகளையும் பத்மநாபன் சொல்லக் கேட்டு டச்சு மொழியில் தந்தார். ரோகேரியுஸ் இறந்தபின் 1651ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் அந்நூல் அச்சேறியது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழிக்குச் சென்ற தொடக்க வழிகளுள் ஒன்று இந்தச் சிறிய துறைமுகத்தில் திறந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

கல் இல்லாதவர்கள்

தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து முடிந்ததும் எங்களுள் ஒரு மாணவி கேட்டாள்: “இங்கு இருந்தவர்கள் எல்லாம் இந்தக் கற்களில் இருக்கிறார்களா?” வெயிலில் களைத்திருந்த எங்களுக்கு அப்போது விடை தெரியவில்லை. திரும்பி வந்து படித்தபோதுதான் அக்கேள்வி எத்தனை பெரியது என்று விளங்கிற்று.

கற்களில் இல்லாதவர்கள் முதலில் நெசவாளர்கள். அவர்கள் நெய்த துணியே அந்த வாணிகத்தின் உயிர். ஆயினும் அவர்களில் ஒருவர் பெயரும் அங்கு இல்லை.

அடுத்தவர்கள் அடிமைகள். துணியும் வெடிமருந்தும் ஏற்றிய துறைமுகங்களிலிருந்து மனிதர்களையும் டச்சுக் கம்பெனி ஏற்றிச் சென்றது. சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளிலெல்லாம் இவ்வாணிகம் பெருகியது. மழை பொய்த்து, நெல் விலை ஏறி, மக்கள் பட்டினியால் வாடியபோது, தரகர்கள் ஊர் ஊராகச் சென்றனர். பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று விற்ற பெற்றோர் உண்டு. தம்மைத் தாமே விற்றுக் கொண்டவரும் உண்டு. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவரும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போராலும் பஞ்சத்தாலும் நேர்ந்த அழிவில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு இலங்கைக்கும், இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தேவியாவுக்கும், மலாக்காவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களும் நம் வயதுச் சிறுமியரும் இருந்தனர்.

அடிமையானவர்களுக்குப் புதுப் பெயர் இடுவது அக்கால வழக்கம். பெற்றோர் வைத்த பெயர் மறைந்துவிடும். புதுப் பெயருடன் ஊர்ப் பெயரை ஒட்டி ஏட்டில் எழுதுவார்கள். அவ்வாறு எழுதப்பட்ட பெயர்களுள் ஒன்று “கத்தரீனா வான் பாலியகட்டா”. பழவேற்காட்டுக் கத்தரீனா என்பது இதன் பொருள். இவள் பத்தேவியாவில் அடிமையாயிருந்தாள். தன்னைத் தாக்கிய ஒருவனை இவள் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துவிட்டான். 1656ஆம் ஆண்டில் இவளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது வாழ்நாள் முழுவதும் நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. 1657ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குக் கைதியாக அனுப்பப்பட்டாள். அங்கே டச்சுத் தலைவரின் வீட்டுத் துணிகளை வெளுக்கும் வேலை செய்தாள்.

கத்தரீனா அழிந்து போகவில்லை. காலப்போக்கில் விடுதலை பெற்றாள். வங்கத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற அந்தோணி என்பவரை மணந்தாள். அவளுடைய மகன் கிறிஸ்டோஃபலின் வழியில் வந்த ஸ்னைமான் குடும்பத்தார் இன்றும் தென்னாப்பிரிக்காவில் பல்கிப் பெருகி வாழ்கிறார்கள். பழவேற்காட்டில் அவளுக்கு ஒரு கல்லும் இல்லை. ஆனால் பழவேற்காட்டின் பெயரை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் சுமந்து சென்றவள் அவளே.

டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை 1860ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. தம் நாடு செய்த அடிமை வாணிகத்துக்காக நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே 2022ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் மன்னிப்புக் கோரினார். மறு ஆண்டு ஜூலை முதல் நாள் அந்நாட்டு மன்னரும் மன்னிப்புக் கோரினார். காலம் தாழ்ந்தது எனினும் உண்மையை ஒப்புக்கொள்வது நல்லதே.

இன்றைய ஊர்

இன்று பழவேற்காடு அமைதியான மீனவர் ஊர். ஏரியில் மீன் பிடிப்பதில் இங்கு ஓர் அருமையான முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதைச் சமுதாயத்தார் கூடி முறை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். வலிமையுள்ளவனே நல்ல இடத்தை எப்போதும் பிடித்துக் கொள்ளாமலிருக்க முன்னோர் கண்ட வழி இது. வலையில்லாத ஏழைப் பெண்கள் ஆழமற்ற நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் பனையோலையில் கூடைகளும் பெட்டிகளும் முடைந்து விற்கிறார்கள். நாங்களும் சில பெட்டிகள் வாங்கி வந்தோம். அவை இப்போது வகுப்பறையில் சுண்ணக்கட்டி வைக்கப் பயன்படுகின்றன.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது: எஞ்சியிருப்பதை மட்டும் பார்த்து வரலாற்றை முடிவு செய்யலாகாது. கல் வெட்டப் பணம் உள்ளவரின் பெயர் கல்லில் நிற்கும். மற்றவரை ஏடுகளிலும், துணியின் பெயரிலும், தொலைநாட்டுக் குடும்பப் பெயரிலும் தேடித்தான் காண வேண்டும். பழைய சின்னங்களைக் கண்டால் அழகை வியப்பதோடு நில்லாமல், இதைக் கட்டியவர் யார், இதற்கு விலை கொடுத்தவர் யார் என்றும் கேட்போமாக.

இரண்டாவது: டச்சுக்காரர் அனைவரையும் வெறுப்பதும் சரியன்று. பத்மநாபனிடம் பணிவோடு கேட்டு எழுதிய ரோகேரியுஸும் அக்கூட்டத்தவரே. அடிமைகளை விற்ற தரகர்களோ நம் கரையைச் சேர்ந்தவர்கள். பாவம் ஒரு நாட்டினருக்கே உரியதன்று.

மூன்றாவது: இது முடிந்துபோன கதையன்று. பஞ்சத்தில் முளைத்த தரகன் இன்றும் வேறு வேடத்தில் வருகிறான். மழை தவறிய ஆண்டில், மாங்காய் விலை போகாத ஆண்டில், கடன்பட்ட வீட்டின் திண்ணையில் வந்து அமர்கிறான். முன்பணம் தருகிறேன், பெண்ணை வேலைக்கு அனுப்புங்கள், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்கிறான். முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அக்கடனும் சட்டப்படி செல்லாது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதும் குற்றமே. எந்தச் சிறுமிக்கேனும் இத்தகைய இடர் நேர்ந்தால் 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் உதவி கிடைக்கும். பெற்றோர்கள் இதை அன்போடு மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

தோழியரே! கத்தரீனாவுக்குப் பெயரை மாற்றினார்கள்; ஊரை மாற்றினார்கள்; நாட்டையும் மாற்றினார்கள். அவளுக்கு எழுதத் தெரிந்திருந்தால் தன் பெயரைத் தானே எழுதி வைத்திருப்பாள். நமக்கு எழுதத் தெரியும். நம் பெயரை நாமே எழுதும் உரிமையைப் பள்ளி நமக்குத் தந்திருக்கிறது. நம் தெருவில், நம் ஊரில், படிப்பை நிறுத்திவிட்டு நிற்கும் ஒரு பெண்ணையாவது கைப்பிடித்து மீண்டும் வகுப்பறைக்கு அழைத்து வருவோம். கல்லில் பெயர் இல்லாதவர்களுக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச் சின்னம் அதுவே.